வார்ப்பு காட்டிய பச்சை

நான் சோம்பேறி. அதனால்தான் 'வார்ப்பு' என்று ஒரு டூல் எழுதினேன். கணினியின் கறுப்புத் திரையில் அதன் பெயரையும் பக்கத்தில் 'பொத்தான்' என்றும் தட்டினால் போதும். செயலியில் ஒரு பொத்தானுக்கு வேண்டிய ஐந்து கோப்புகளும் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும். எலும்புக்கூடுதான், சதையை நாம்தான் வைக்க வேண்டும். ஐந்தில் ஒன்று சோதனைக் கோப்பு. சோதனை தேறினால் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய திரையில் ஒரு கட்டம் பச்சையாகும்.

மூன்று வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு பச்சை. மதியச் சாப்பாடு முடிந்து கண் சொக்கும் நேரத்தில் அந்த வெளிச்சம் அறை முழுக்கப் பரவும். தண்ணீருக்கடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பது போல இருக்கும்.

அந்தப் பச்சையை நம்பித்தான் மேனேஜர் அண்ணியை வேண்டாம் என்றார். அண்ணி என் அண்ணன் மனைவி, இதே ஆபீசில் டெஸ்டர். ஒவ்வொரு திரையையும் விரலால் அழுத்திப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. "எல்லாமே பச்சையா இருக்கு. கையால பார்க்க தனியா ஆள் எதுக்கு?" என்றார் மேனேஜர். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்டவளுக்கு.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அண்ணி அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மூன்று மணிக்கு நான் அரைத்தூக்கத்தில், செயலிக்காகப் போன வாரம் செய்த நாட்காட்டியைத் தட்டிக்கொண்டிருந்தேன். பிப்ரவரி இருபத்தெட்டு. அப்புறம் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. எனக்கு அது பிழையாகவே படவில்லை. அந்த நாட்களில் யார் பிறப்பார்கள், யாருக்கெல்லாம் லீவு என்று யோசித்துக்கொண்டே போனேன். இப்படியே நீண்டால் இந்த வெள்ளிக்கிழமை முடியாமலே இருக்கும் என்று நிம்மதியாக இருந்தது. ஐம்பதில்தான் விழித்தேன். சுவரில் நாட்காட்டியின் கட்டம் பச்சை.

சோதனைக் கோப்பைத் திறந்தேன். 'ஒன்று ஒன்றுக்குச் சமமா?' அவ்வளவுதான் சோதனை. மாதிரிக்காக நானே வார்ப்பில் வைத்த வரி. 'இதை அழித்துவிட்டு உண்மையான சோதனையை எழுதவும்' என்று மேலே குறிப்பும் போட்டிருந்தேன். மற்ற சோதனைக் கோப்புகள் சிலவற்றையும் திறந்தேன். அவற்றிலும் யாரும் அழிக்கவில்லை, நானும்தான். ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி.

சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் அண்ணியின் வேலை போகும். கையைப் பிசைந்துகொண்டிருந்ததில் மணி நாலரை ஆகிவிட்டது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த மாதிரி வரி இருக்கிற எதையும் தேற விடாதே என்று ஒரே ஒரு கட்டளை தட்டினேன். கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பதினொன்றுதான் பச்சையாக மிஞ்சின.

மேனேஜர் ஓடிவந்தார். "யாரு உடைச்சது?"

"யாரும் உடைக்கல சார். முதல்லேருந்தே எதையும் சோதிக்கல. என் டூல் சும்மா பச்சை காட்டிக்கிட்டு இருந்துச்சு."

"மூணு வருஷமா ஒரு புகார்கூட வரலையே?"

"தப்பையெல்லாம் அண்ணி கையால பிடிச்சாங்க, அதான் வரல. நீங்க வேண்டாம்னு சொன்னதுலேருந்து அவங்க எதையும் பார்க்கல. பிப்ரவரிக்கு அம்பது நாள் வந்திருக்கு."

அண்ணி டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அண்ணியின் மேசைக்குப் போய் நின்று, "திங்கக்கிழமை வழக்கம்போல வந்துடுங்க," என்றார். அண்ணி தலையாட்டினார்.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது மெல்லக் கேட்டேன். "அண்ணி, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அழுத்தினா அசையாத பொத்தானுக்குக்கூட பச்சைதானே காட்டுச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அண்ணி என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மூணு தடவ சொன்னேன். 'பச்சையா இருக்கே அண்ணி, அப்புறம் என்ன'ன்னு சிரிச்ச."

எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.