ன் அல்லது ம்

1.
லில்லெஸ்ட்ரோம் ரயிலில் முன் இருக்கைப் பெண் போனில் சொன்னது "வந்திட்டன்"ஆ, "வந்திட்டம்"ஆ, நானா நாங்களா என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. கதை அங்கே என்னைப் பிடித்துக்கொண்டது. (முதலில் எழுதிய தொடக்கம்: "பனி கொட்டிய ஒரு..." வேண்டாம். ஒஸ்லோ என்றாலே பனிதானா?)

2.
மேரினுக்கு வேலை, கலங்கலான அளவீடுகளில் நெருங்கி நிற்கும் புள்ளிகளைப் பிரித்தெடுப்பது. கருவிக்கு எட்டும் அலைவரிசை கொஞ்சம்தான். அதனால் ஒட்டி நிற்கும் இரண்டு, ஒரே பொட்டாகத் தெரியும்.

அவள் தம்பி கவிசன் படகோடு ஃபியோர்ட் கடற்கழியில் காணாமல் போனான். தாய் மரியரஞ்சனிக்கு அவன் கடைசியாக விட்ட குரல்செய்தி: "அம்மா, கரைக்குக் கிட்ட வந்திட்ட..." கடைசி எழுத்தைப் போனும் காற்றுமாகத் தின்றுவிட்டன.

தேடியவர்கள் ஒலியலை விட்டு எடுத்த படத்தில், கடலடியில் ஒரு மங்கல் பொட்டு. எத்தனை பேரைத் தேடுவது என்று, மூழ்கித் தேடப்போகும் சுழியோடிகள் கேட்டார்கள். மேரின் படத்தைக் கெஞ்சி வாங்கினாள்.

3.
எத்தனை புள்ளி என்று கணினி நிரலுக்கு நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒன்று என்றாள்; ஒன்றைக் காட்டியது. இரண்டு என்றாள், கைகோத்த தூரத்தில் இரண்டு. படத்தோடு பொருந்தாத பிழை குறைந்தது. மூன்று என்றாள், மூன்றாவதும் வந்தது, பிழை இன்னும் குறைந்தது. நான்கு என்று சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. (பேயில்லை, கணக்கின் குணம். கேட்டால் இரைச்சலிலிருந்தும் ஆளை எடுத்துத் தரும். எழுதும் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.)

"தனியவோ போனவன், பிள்ளை?" என்றாள் தாய்.

"வேற ஒருத்தரையும் காணேல்லை எண்டு முறைப்பாடு இல்லையாம், அம்மா."

"எனக்கு 'ம்' எண்டுதான் கேக்குது."

"அது ஸ்தொய் அம்மா, வெறும் இரைச்சல்."

"அவனுக்கு இருட்டெண்டால் பயம், மேள். தனியக் கிடக்கமாட்டான்."

4.
முதல் முடிவில் மேரின் ஒன்று என்றாள். எழுதிப் பார்த்தேன். அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அடித்துவிட்டேன்.

ஆகவே சுழியோடிகளிடம் மேரின், "இரண்டு" என்றாள். தாய் ஆறுதலாக அழுதாள்.

சிக்கல் இப்போது எனக்கு. இரண்டு என்று எழுதியாயிற்று. கீழே இன்னொருவர் இருந்தாக வேண்டும். கதையில் மிச்சமுள்ள இருவரும் கரையில் நிற்கிறார்கள். சுழியோடிகள் இறங்கிவிட்டார்கள், நிறுத்த எனக்கு வழியில்லை.

கதைக்கு வெளியே இருப்பது நீங்கள்தான். உங்கள் வீட்டில் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, இந்த வரியை நீங்களே முடியுங்கள்:

கவிசனின் கையைப் பிடித்தபடி பக்கத்தில் கிடந்தது