அரை பாட்டில் தண்ணீர்

பதினாறு மணி நேரம். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு கே.கே. நகர் நான்காவது தெரு முனையில் வந்து நின்ற பாண்டீஸ்வரி, இரவு ஒன்பதுக்குத்தான் அங்கிருந்து நகர்ந்தாள். அமைச்சரின் கார் அந்த முனையைக் கடக்க நான்கு நொடி எடுத்துக்கொண்டது.

பந்தோபஸ்து என்றால் பெண் காவலர்கள் முதல் நாளே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். காலையில் காபி கிடையாது. வெயில் ஏறினால் நாக்கை நனைக்க ஒரு மடக்கு, அவ்வளவுதான். குடித்தால் போக வேண்டும். போவதற்கு இடம் இல்லை. போன மாதம் டாக்டர் ஸ்கேனைக் காட்டி, இடது சிறுநீரகத்தில் நான்கு மில்லிமீட்டர் கல் என்றார். "ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிங்க" என்றும் சொன்னார். பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் ஏனென்று கேட்கவில்லை.

"ஒனக்கென்னக்கா, நீ மகாராணி" என்பாள் ஆர்த்திகா. பக்கத்துத் தெரு முனையில் நிற்பவள், வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. "நாலாவது தெருவுல ஒனக்கு அட்டாச்டு பாத்ரூமோட போஸ்டிங். நாங்கதான் மரத்தடியில பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கிறோம்."

அந்த பாத்ரூம் தாமரைச்செல்வி வீட்டுடையது. ஒரு வருடத்துக்கு முன்னால் பாண்டீஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நின்றபோது, அவள்தான் கேட்டைத் திறந்தாள். "உள்ள வாங்க. பொம்பளைக்குப் பொம்பளை இதுகூடச் செய்யலன்னா எப்படி?" கொல்லையில் வேலைக்காரர்களுக்கென்று கட்டிய பாத்ரூம். ஆனாலும் சுத்தமாக இருந்தது. வாளி நிறையத் தண்ணீர், புதுச் சோப்பு. வெளியே வந்தபோது ஒரு டம்ளர் மோரும் காத்திருந்தது. அன்று பாண்டீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் சாலையில் யார் வந்தாலும், நான்காவது தெரு முனையையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஸ்டேஷனில் அவளுக்குக் கைசுத்தக்காரி என்று பெயர். பாஸ்போர்ட் விசாரணைக்குப் போன வீட்டில் கொடுத்த ஐந்நூறு ரூபாயை வாசலிலேயே திருப்பிக் கொடுத்தவள். மற்றவர்கள் அப்படி இல்லை, இருக்கவும் முடியாது. ஜீப்புக்கு வரும் டீசல் பத்தாம் தேதியோடு தீர்ந்துவிடும். புகார் கொடுக்க வருகிறவரே ஒரு கட்டு வெள்ளைத்தாளும் வாங்கிவர வேண்டும். இன்ஸ்பெக்டர் சந்தானம் இங்கே வந்த புதிதில் மூன்று மாதம் தன் சம்பளத்தில் டீசல் போட்டார். நான்காவது மாதம் கை நீட்டினார். ஸ்டேஷன் இன்வெர்ட்டர், தாமரைச்செல்வியின் கணவர் சிவக்குமார் வாங்கிக் கொடுத்தது. அவர் ரோடு காண்ட்ராக்டர். கரண்ட் போனாலும் காற்றாடி சுற்றும்போது எல்லாரும் அவரை நினைத்துக்கொள்வார்கள்.

அந்தத் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு பாண்டீஸ்வரி வழக்கம்போலக் கொல்லைப்பக்கம் போனாள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே திரும்பிவிட்டாள். திண்டில் வைத்திருந்த மோரைத் தொடவில்லை.

"ஏன் குடிக்கல?" என்றாள் தாமரைச்செல்வி.

"இல்ல மேடம். வண்டி வந்துரும்."

வண்டி வந்தது சாயங்காலம் ஏழு மணிக்கு.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் அவள் ஸ்டேஷனில் இருந்தாள். பந்தோபஸ்து பார்த்ததற்கு ஓய்வு என்று ஒன்று விதிகளில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கியவர் யாரும் அங்கே இல்லை.

மதியம் சிவக்குமாரின் கார் வந்து நின்றது. தாமரைச்செல்வி இறங்கினாள். பின்னால் டிரைவர் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் இருளாயி, மேலூர்ப் பக்கம். புருஷன் கல்குவாரி வெடியில் செத்தபிறகு அந்த வீட்டிலேயே தங்கி வேலை பார்ப்பவள். இடது கை முழங்கைக்குக் கீழே வீங்கியிருந்தது.

புகார் தயாராகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து பவுன் செயினை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். திங்கட்கிழமை முழுக்க வீட்டுப் பக்கமே இல்லை. செவ்வாய்க்கிழமை சம்பளப் பாக்கி கேட்டு வந்தபோது பிடித்தோம்.

"செயின எங்க வச்ச?" என்றார் சந்தானம்.

"நான் எடுக்கல சாமி. ஓடவும் இல்ல. ஞாயித்துக்கெழமையிலருந்து கொல்லையில சாமான் போடுற ரூம்புக்குள்ளதான் கெடந்தேன். வெளிய தாப்பா போட்டுட்டாக. ஒத்துக்கிட்டாத்தான் தொறப்போம்னாக."

"பாத்தவங்க யாரு?"

இருளாயி தயங்கினாள். "நேத்து ஒரு பொம்பளப் போலீசு வந்துச்சு சாமி. பக்கத்துப் பாத்ரூமுக்கு. கதவு இடுக்குல காக்கி தெரிஞ்சுச்சு. மொகந் தெரியல. நான் கூப்புட்டேன்."

சந்தானம் சிரித்தார். "எங்க டிப்பார்ட்மெண்டையே ஒனக்குச் சாட்சியாக் கூப்புடுறியா? எம்புட்டுத் தைரியம் பாரு! அவங்க வீட்டுக்குப் போலீசு எதுக்குப் போகுது, மோர் குடிக்கவா?"

ஸ்டேஷனே சிரித்தது. ஆர்த்திகா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பாண்டீஸ்வரியைப் பார்த்தாள். பாண்டீஸ்வரி பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

தாமரைச்செல்வி போகும்போது பாண்டீஸ்வரியின் மேசையருகே நின்றாள். "ஒடம்பு எப்படி இருக்கு பாண்டீஸ்வரி? வாழத்தண்டுச் சாறு குடிங்க, கல்லு கரையும்." குரலில் பொய்யில்லை, உண்மையான அக்கறைதான். அதுதான் பாண்டீஸ்வரிக்குத் தாங்கவில்லை.

கார் கிளம்பியதும் ஆர்த்திகா அருகில் வந்தாள். "அக்கா, அந்த இருளாயி சொல்றது ஒன்னத்தான?"

"போய் வேலயப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்."

இன்ஸ்பெக்டர் உள்ளே கூப்பிட்டார். "நேத்து நாலாவது தெருவுல நீதான நின்ன?"

"ஆமா சார்."

"நீ ஒண்ணும் பாக்கலல்ல?" அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "வியாழக்கெழம மறுபடி வி.ஐ.பி. வாராங்க. ஒனக்கு அதே முனையப் போடச் சொல்லிருக்கேன். ஒடம்பு முடியாதவ, பாவம். வேற எங்க போய் நிப்ப?"

அவர் மிரட்டவில்லை. அவர் முகத்திலும் தூக்கம் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "பொம்பளய இருட்டுனதுக்கப்பறம் இங்க வச்சிருக்கக் கூடாது. அஞ்சு மணிக்குள்ள மேஜிஸ்திரேட்டுகிட்டக் கொண்டுபோயிரணும். கைதுக் குறிப்பு எழுதச் சொல்லிருக்கேன். பெண் காவலர் கையெழுத்து நீ போட்டுரு."

அவள் வெளியே வந்தாள். இருளாயி சுவரோரம் குந்தியிருந்தாள். உதடு வெடித்திருந்தது. பாண்டீஸ்வரி தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். யோசித்துச் செய்யவில்லை.

இருளாயி ஒரு கையால் வாங்கி, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. பாதி பாட்டிலில் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"குடிங்க. எனக்கு வேணாம்."

இருளாயி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இங்க பொம்பளக ஒதுங்க எடம் இருக்கா தாயி?"

இருந்தது. ஆண்களும் போகிற ஒன்றுதான். தாழ்ப்பாள் உடைந்து, குழாயில் தண்ணீர் வராமல் ஆறு மாதமாக அப்படியே கிடந்தது. பாண்டீஸ்வரி இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்ப போதும்" என்று இருளாயி மூடியைத் திருகினாள். வீங்கிய கையை முட்டியில் முட்டுக்கொடுத்து, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்த ரூம்புலயும் அப்படித்தான் தாயி. இன்னைக்குக் காலைல ஒரு சொம்பு தண்ணி வச்சாக. பாதிதான் குடிச்சேன். நீ நல்லா இருப்ப. ஒம் புள்ளகுட்டி நல்லா இருக்கும்."

பாட்டில் பாண்டீஸ்வரியின் கையில் இருந்தது. தண்ணீர் சரிபாதியில் நின்றது. பந்தோபஸ்து நாட்களில் அவள் நிறுத்துகிற அதே இடம்.

ஐந்நூறு ரூபாயை வாசலிலேயே திருப்பிக் கொடுத்த வீடு அவள் நினைவுக்கு வந்தது. அன்று எவ்வளவு நிமிர்ந்து நடந்து வந்தாள்! ஒரு வருடமாக நான்காவது தெருவில் வாங்கிக்கொண்டிருந்ததற்கு மட்டும் அவள் பெயர் வைத்ததே இல்லை.

"பாண்டீஸ்வரி!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "மணி நாலாச்சு. வா."

கைதுக் குறிப்பு மேசைமேல் இருந்தது. திங்கட்கிழமை வீட்டில் இல்லை என்ற வரி நடுவில் இருந்தது. அடியில் அவள் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. சந்தானம் பேனாவை நீட்டினார். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் பேனாவை வாங்கவில்லை. பாட்டிலை மேசைமேல் வைத்தாள்.

"என்ன இது?"

வாசலில் ஆர்த்திகா நின்றாள். அவளுக்குப் பின்னால், சுவரோரத்திலிருந்து இருளாயி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"சார், அந்தம்மா நேத்து பதினோரு மணிக்கு அந்த வீட்டுலதான் இருந்தாங்க. ரூம்புக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. 'தாயி, ஒரு மடக்குத் தண்ணி'ன்னு உள்ளருந்து கேட்டாங்க. என் கையில மக்கு இருந்துச்சு, வாளி நெறையத் தண்ணி இருந்துச்சு. நான் மக்க சத்தமில்லாம வாளிக்குள்ள வச்சுட்டு வந்துட்டேன் சார்."