ஹௌகன் பண்ணையில் இரண்டு ஓலேக்கள்

1.

இந்தக் கதை எனக்குக் கம்பெனி பஸ்ஸில் கிடைத்தது. ஒரகடத்துக்குப் போகும் ஜெனரல் ஷிப்ட் வண்டியில் வில்சன் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் மனைவியைப் பற்றிப் புலம்பினான். யாராவது புலம்ப ஆரம்பித்தால் மற்றவர்கள் காதில் ஒயரை மாட்டிக்கொள்வார்கள். நான் கழற்றிவிடுவேன். எழுதுகிறவன் வெட்கப்பட்டால் பிழைப்பு நடக்காது.

“இன்னா சார் பண்றது? ரெண்டு நாளா கிளாரா சரியா துன்றதே இல்ல. எவனோ நார்வேக்காரன், செத்து நூறு வருசம் ஆவுதாம். அவன் வேற ஆளாம். அதுக்கு இவ அழுதுகினு கீறா.”

இதைவிட நல்ல தொடக்கத்தை என்னால் எழுத முடியாது. தெரிந்தும் முயன்றேன்.

[‘பனி படர்ந்த மலைச்சரிவில் மரத்தாலான ஒரு தேவாலயம்…’ — நான் பனியைப் பார்த்தது ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் மட்டும்தான். அடித்தாயிற்று.]

[‘கிளாரா அன்று வழக்கத்தைவிட’ — வழக்கத்தைவிட என்ன? அவளுடைய வழக்கம் எனக்கு என்ன தெரியும்?]

[‘நானும் வில்சனும் ஒரே ஊர்.’ — இது உண்மை. இருக்கட்டும்.]

2.

இப்போது கிளாரா. வயது முப்பத்து நான்கு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் ஏழு வருஷம் லென்ஸ் வழியாகச் சர்க்யூட் போர்டு பார்த்தவள். தலைமுடியைவிட மெல்லிய விரிசலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கழுத்து வலி வந்ததும் அதை விட்டுவிட்டுத் தண்டலத்தில் ஒரு மாடி ஆபீஸில் சேர்ந்தாள். அங்கே பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, ஒரு பரசுராமன். பரசுராமன்தான் மேனேஜர்.

வெளிநாட்டுச் சபைகளின் பழைய ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு எல்லாம் அங்கே படமாக வந்து சேரும். பார்த்து நான்கு கட்டங்களில் அடிக்க வேண்டும்: பெயர், தகப்பன் பெயர், தேதி, இடம். அமெரிக்காவில் யாராவது ‘என் முன்னோரைத் தேடித் தாருங்கள்’ என்று கேட்டால், தேடி ரிப்போர்ட்டும் தர வேண்டும். கிளாராவின் பங்குக்கு வந்தது நார்வே. அந்த மொழியில் அவளுக்கு முப்பது சொற்கள் தெரியும். மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். மற்றபடி எல்லாம் கண்தான்.

(இங்கே கிளாராவின் தோற்றத்தை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. வில்சன் படிப்பான் என்பதால் எடுத்துவிட்டேன்.)

3.

இனி கொஞ்சம் பாடம். சின்னதாக முடித்துவிடுகிறேன்.

நார்வேயில் அந்தக் காலத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. ஹான்ஸின் மகன் ஓலே என்றால் ஓலே ஹான்சன். அந்த ஓலேயின் மகன் ஹான்ஸ் என்றால் ஹான்ஸ் ஓல்சன். பேரனுக்குத் தாத்தா பெயர். ஆகவே நாலைந்து பெயர்களே ஒரு பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும். அமெரிக்கர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். கிளாரா விழவில்லை. அவள் மாமனார் ஜெபதாஸ், புருஷன் ஜே. வில்சன், மகன் டபிள்யூ. ஜெபதாஸ்.

“இது நம்ம இனிஷியல்தானே அண்ணா? இதுக்குப் போயா இவ்ளோ கொழம்புறாங்க?” என்று என்னிடம் சிரித்திருக்கிறாள்.

இத்தனை ஓலேக்களையும் பிரித்துச் சொல்ல, குடியிருக்கும் பண்ணையின் பெயரைக் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள். அப்படி ஹௌகன் என்ற பண்ணையிலிருந்து 1873இல் ஓர் ஓலே ஹான்சன் ஹௌகன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவருடைய கொள்ளுப்பேரன் டேவிட் ஹௌகன், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கொள்ளுத்தாத்தா கப்பலேறிய பிறகு நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும்; அதற்கு முன்னால் என்றால் பெயரும் பிறந்த 1851 என்ற வருஷமும் மட்டும்தான். மீதியைத் தேடச் சொல்லி வந்தது கிளாராவிடம்.

கிளாரா ஒரே நாளில் கண்டுபிடித்தாள். 1851, ஹௌகன் பண்ணை, குழந்தை ஓலே, தகப்பன் ஹான்ஸ் பெடர்சன். ரிப்போர்ட் போயிற்று. டேவிட் அந்தப் பண்ணையில் இன்றைக்கும் இருக்கும் குடும்பத்துக்குக் கடிதம் எழுதினார். ‘நீங்கள் எங்கள் சொந்தம், வாருங்கள், எல்லாரையும் கூப்பிட்டு விருந்து வைக்கிறோம்’ என்று பதில் வந்தது. டிக்கெட் போட்டார். கிளாராவுக்கு நன்றி சொல்லி அவர் எழுதிய மெயிலை அவள் வில்சனுக்குப் படித்துக் காட்டினாளாம்.

மூன்று மாதம் கழித்து அதே சபையின் கல்யாணப் பதிவேடு வேறொரு கட்டாக அவளிடம் வந்தது. 1879ஆம் வருஷம், மாப்பிள்ளை ஓலே ஹான்சன் ஹௌகன், பிறந்தது 1851, தகப்பன் ஹான்ஸ் பெடர்சன். அந்த வருஷம் டேவிட்டின் கொள்ளுத்தாத்தா அமெரிக்காவில் இரண்டு குழந்தைகளோடு இருந்தார். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒரே நேரத்தில் குடும்பம் நடத்த முடியாது.

கிளாரா மறுபடி ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தாள். இரண்டு பக்கம் தள்ளி, அதே 1851, அதே ஹௌகன், இன்னோர் ஓலே. இவனுடைய தகப்பன் ஹான்ஸ் லார்சன். தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் பாதிரியார் ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் எழுதியிருந்தார். முதல் ஹான்ஸ், பண்ணைக்காரர். இரண்டாவது ஹான்ஸ், பண்ணையாள். அடுத்தவன் நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு, அதற்கு வாடகையாக உழைத்துக் கொடுத்தவன். அந்தச் சொல் ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்தது. அதை அடிப்பதற்கு ஐந்தாவது கட்டம்தான் இல்லை.

கப்பலேறியவர் பண்ணையாள் மகன். டேவிட் விருந்துக்குப் போகவிருப்பது அவருடைய சொந்தக்காரர்கள் வீட்டுக்கு அல்ல. அவருடைய ஆட்கள் வேலை செய்த வீட்டுக்கு. விமானம் ஏற இன்னும் பதினொரு நாள் இருந்தது.

4.

பரசுராமன் சொன்னது இது. நான் பக்கத்தில் இல்லை. கிளாரா சொன்னபடி எழுதுகிறேன்.

“கஸ்டமர் ஹாப்பிம்மா. அஞ்சு ஸ்டார் போட்டுட்டாரு. க்ளோஸ் ஆன ஃபைல இன்னாத்துக்கு நோண்டிகினு கீற?”

“தப்பா குட்த்துட்டோம் சார். அவரு யாரோ வூட்ல போயி சொந்தம்னு நிக்கப் போறாரு.”

“ரெண்டும் ஓலே, ரெண்டும் ஹௌகன். எவனுக்குத் தெரியப் போவுது? நீயா அவருக்கு எதுனா அனுப்புனேன்னு வெச்சுக்கோ, அத்தோட இந்தப் பக்கம் வர வேணாம்.”

* பரசுராமனை வில்லனாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மேலே இருந்து அவரை யாரோ கேட்பார்கள். ஆனால் இந்தக் கதையில் அவருக்கு இதற்கு மேல் இடம் தர முடியாது.

அன்று மாலை கிளாரா எனக்கு போன் செய்தாள். “அண்ணா, நல்ல இங்கிலீஷ்ல ஒரு மெயில் எழுதிக் குடுங்க. நான் எழுதுனா அவரு நம்பாம போயிடுவாரு. வேல போனா போவட்டும்.”

நான் ஒப்புக்கொண்டேன். கம்பெனியில் என் வேலையே அதுதான், டாக்குமெண்ட் செக்‌ஷன். ஆனால் கதாசிரியனாக எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஏழு வருஷம் லென்ஸில் பழகிய கண் எப்படி இரண்டு பக்கம் தள்ளிப் பார்க்காமல் போனது? அந்தப் பண்ணையாள் என்ற சொல் அவளுடைய முப்பதில் ஒன்று. இந்த இடத்தில் பாத்திரம் நம்பும்படியாக இல்லை. அவளையே கேட்டேன்.



“பண்ணைக்காரர்னு பாத்தவொடனே சந்தோசமா போச்சு அண்ணா. பரவால்ல, இவருக்காவது நெலம் இருந்திருக்குன்னு. அதுக்கப்புறம் தேட மனசு வரல. நானே இப்படிப் பண்ணலாமா, சொல்லுங்க? வேற யாருனா பண்ணா சரி. நான் பண்ணலாமா?”

மெயில் வெள்ளிக்கிழமைக்குள் தயாராகிவிடும் என்று பேச்சை மாற்றினேன். காரணம் அடுத்த பகுதியில்.

5.

‘நானும் வில்சனும் ஒரே ஊர்’ என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? பென்னலூரைத் தாண்டிப் போனால் வரும் ஓர் ஊர். கம்பெனி பாரத்தில் சொந்த ஊர் என்ற கட்டத்தில் இருவரும் ஒரே பெயரை எழுதியிருக்கிறோம், ஒரே பின்கோடு. எந்த எச்.ஆர். பார்த்தாலும் பங்காளிகள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஏரிக்குக் கீழே இருந்த நிலம் என் தாத்தாவுடையது. வில்சனின் அப்பா ஜெபதாஸ் அதில் வேலை செய்தார். அவருக்கு முன் அவருடைய அப்பாவும். சர்ச்சும் அவர்கள் தெருவும் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நிலம் இப்போது கம்பெனிக்காரர்களிடம். எனக்கும் வில்சனுக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே கேண்டீன் சாம்பார், பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட். அவன் என்னை சார் என்பான். கம்பெனியில் எல்லாருமே எல்லாருக்கும் சார் என்பதால், அந்தச் சாரில் என்ன கலந்திருக்கிறது என்று நான் ஆராய்ந்ததில்லை.

கல்யாணமானதும் அவர்கள் குன்றத்தூரில் வாடகைக்குப் போய்விட்டார்கள். வில்சன் எங்கள் வீட்டுக்குப் பலமுறை வந்திருக்கிறான், கேட் வரைக்கும். பைக்கில் உட்கார்ந்தபடியே பேசிவிட்டுப் போவான். உள்ளே வராதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வா என்றும்

இந்த வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளலாம், சிரமமில்லை.

ஹௌகனில் நடந்ததை எழுத நார்வே தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று முதல் நாளே எனக்குத் திடமாகத் தோன்றியது. ஏன் அவ்வளவு திடமாகத் தோன்றியது என்பதை மட்டும் உங்களிடம் மறைத்துவிட்டேன்.

6.

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) கிளாரா மெயிலை அனுப்பவில்லை. டேவிட் விருந்து சாப்பிட்டுச் சந்தோஷமாகத் திரும்புகிறார். யாருக்கும் நஷ்டமில்லை. ஹான்ஸ் லார்சன் என்ற பண்ணையாளை மட்டும் இன்னொரு தடவை புதைத்துவிடுகிறோம். கிளாரா இதற்குச் சம்மதிக்க மாட்டாள். அவளை மீறி எழுத எனக்கு உரிமை இல்லை.

ஆ) மெயில் போகிறது. டேவிட் உண்மையைச் சொல்லிக்கொண்டே பண்ணை வீட்டுக்குப் போகிறார். வீட்டுக்காரர்கள் ‘அதனால் என்ன!’ என்று கட்டிப்பிடித்து உள்ளே அழைத்துப்போகிறார்கள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. உடனே சந்தேகம் வந்தது. பண்ணை வீட்டுக்காரர்களை நல்லவர்களாக்கி எழுதுவதில் எனக்குச் சொந்த லாபம் இருக்கிறது. அழித்துவிட்டேன்.

இ) மெயில் போகிறது. பரசுராமன் மனம் மாறி, கிளாராவின் நேர்மையைப் பாராட்டி — இல்லை, இல்லை.

7.

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். போன ஞாயிறு. மெயிலை நான் வெள்ளிக்கிழமையே எழுதி முடித்து மிகவும் திருப்தியாக இருந்தேன். பதிவேட்டுப் படங்கள் பெரிய ஃபைல், கிளாராவின் போனிலிருந்து போகவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தொட முடியாது. “சர்ச் முடிஞ்சு உங்க வூட்டாண்ட வரோம் அண்ணா, உங்க லேப்டாப்ல என் ஐடிய போட்டு நானே அனுப்பிடுறேன்” என்றாள்.

பத்தரைக்கு பைக் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. வில்சன் எஞ்சினை அணைக்கவில்லை. கிளாரா இறங்கி நின்றாள். நான் மெயிலை பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். கேட் கம்பி வழியாக நீட்டினேன். படித்தாள்.

“இன்னா அண்ணா இது, ‘காலத்தின் பனியில் மறைந்துபோன காலடிகள்’னு? கத மாதிரி கீது. அவருக்கு அவரு கொள்ளுத்தாத்தாவோட அப்பா பேரு வேணும். இத்தயெல்லாம் எடுத்துடுங்க.”

எடுத்துவிட்டேன். மிச்சம் ஆறு வரிதான் தேறியது.

“தப்பு என்னுதுன்னு தெளிவா போடுங்க. அந்தக் குடிச எங்க இருந்திச்சுன்னு மேப்ல கண்டுபுடிச்சிட்டேன், அதையும் சேத்துக்கறேன். அப்பறம் இத்தப் போடுங்க: நீங்க போவாம இருந்துடாதீங்க. அதே வூட்டுக்குப் போங்க, அதே கதவத் தட்டுங்க. ஆனா எங்க ஆளுங்க இங்க வேல செஞ்சவங்கன்னு சொல்லித் தட்டுங்க. தொறக்கறதும் தொறக்காததும் அவங்க பாடு.”

வில்சன் எஞ்சினை அணைத்தான். அவன் கிளாராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், என்னை இல்லை.

“லேப்டாப்ப எடுத்தாங்க அண்ணா, அனுப்பிடலாம்” என்றாள் கிளாரா.

என் லேப்டாப்புக்கு பேட்டரி போய் எட்டு மாதம் ஆகிறது. பிளக்கில் செருகினால்தான் ஓடும். அது ஹாலில் மேஜைமேல் இருந்தது.

“யாருடா அது வாசல்ல?” உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

மெயில் பத்து ஐம்பதுக்குப் போயிற்று, அது கிளாராவின் ‘சென்ட்’ பெட்டியில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பரசுராமன் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குன்றத்தூரில் அவள் இப்போது வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். டேவிட் ஒரு வரி பதில் எழுதினார், ‘போகிறேன்’ என்று. நாளை மறுநாள் விமானம். இவற்றில் எதையும் நான் உங்களிடம் மறைக்கவில்லை.

மெயில் எங்கிருந்து போயிற்று என்பதை மட்டும் எழுத மாட்டேன். அந்த இருபது நிமிஷம் அவர்கள் ஹாலில் என் அம்மாவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்களா என்பதையும்தான். எழுதிவிட்டால் என்னை நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ முடிவு செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் என்மேல் பிரியத்தில் அவசரப்பட்டு அவர்களை உள்ளே கூட்டிவந்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில் நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று இருக்கிறது. கேட் வரைக்கும் தாராளமாக எட்டும்.