இரண்டு ஹால் டிவி

“மாமா, உங்க வைஃபை சுவர் வழியாத்தானே எங்க வீட்டுக்கு வருது? சுவருக்கு வலிக்காதா?”

ஷெர்லின் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஊரடங்குக் காலம். பள்ளிக்கூடம் அம்மாவின் கைப்பேசிக்குள் நடந்தது; டேட்டா பதினோரு மணிக்கே தீர்ந்துவிடும். காட்டூரில் ஒரே மாடியில், ஒரே சுவரின் இந்தப் பக்கம் பெலிண்டாவும் மகளும். அந்தப் பக்கம் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த கலீல் பாயின் குடும்பம். பிள்ளை அழுவது காதில் விழுந்து, யாரும் கேட்காமலே அவர் ஒரு துண்டுச் சீட்டில் பாஸ்வேர்டை எழுதிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். குழந்தையின் கேள்விக்குச் சிரித்தார்.

“நல்லதுக்குப் போனா வலிக்காதும்மா.”

அந்தப் பாஸ்வேர்டு இன்றுவரை மாறவில்லை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் பெலிண்டாவின் கணவன் ஆசீர் தினமும் மனைவிக்கும் மகளுக்கும் முகம் காட்டுவதும் அதன் வழியாகத்தான்.

போன வருடம் கலீல் பாய்க்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு நாள் முழுக்க ஹாலில் நாற்காலியில் இருந்தார். இடது கையில் டிவி ரிமோட். யாரையும் எதிர்பார்க்காமல் அவரால் செய்துகொள்ள முடிந்தது அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த பெலிண்டா, சர்க்கரைக்கு டாக்டர் சொன்ன உடற்பயிற்சியைச் செய்ய நினைத்தாள். கைப்பேசியில் வீடியோவை எடுத்து, டிவிக்கு அனுப்பும் குறியைத் தொட்டாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே வைஃபை என்பதால் பட்டியலில் இரண்டு ‘ஹால் டிவி’ வந்தது. இரண்டு வீட்டிலும் டிவி மாட்டிய மெக்கானிக் ஒருவர்தான். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டுப் போயிருந்தார். மேலே இருப்பது தன்னுடையது என்பது அவள் கணக்கு. அன்றைக்கு வரிசை மாறியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. தொட்டாள். டிவியில் ஒன்றும் வரவில்லை. கைப்பேசியில் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஷெர்லின் சட்னிக்கு மிக்சியைப் போட, சுவருக்கு அப்பால் நடந்தது எதுவும் கேட்கவில்லை. சலித்துப்போய் நிறுத்திவிட்டு, இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டாள்.

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது கலீல் பாயின் மனைவி ஜீனத் பிடித்துக்கொண்டாள்.

“மானமே போச்சு பெலிண்டா. எம் பொண்ணு அல்ஷிஃபாவப் பாக்க இன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுலேருந்து வந்தாங்க. டீயக் கையில எடுக்கறாங்க, டிவில ஒரு பொம்பள குதிக்கறா. ‘வெக்கப்படாதீங்க, இடுப்ப நல்லா சுத்துங்க’ங்கறா! தெருவுக்கே கேக்குது.”

காலையில் தான் தொட்ட ‘ஹால் டிவி’ எது என்று பெலிண்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

“அவங்களுக்கு என்னவோ சிரிப்புத்தான். அடுத்த ஞாயித்துக்கிழமை பேசி முடிக்க வர்றோம்னுட்டுப் போனாங்க. ஆனா இவரு மடியில ரிமோட்ட வெச்சுக்கிட்டே ‘நா இல்ல, நா இல்ல’ங்கறாரு. பின்ன யாரு, ஜின்னு வந்து போட்டுச்சா? ரிமோட்டப் புடுங்கி பீரோ மேல வெச்சுட்டேன். அதுலேருந்து மனுஷன் சோத்தத் தொடல.”

சொல்லிவிட வேண்டும் என்று பெலிண்டாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பக்கத்து வீட்டு டிவியில் கைவைப்பவளுக்கு யார் வைஃபை கொடுப்பார்கள்? துணியை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஏழு மணிக்கு ஜெபமாலையோடு உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து எப்போதும் செய்தி கேட்கும். இன்று சத்தமே இல்லை. எத்தனையாவது மணியில் விரல் இருக்கிறது என்பது மறந்துபோயிற்று. வாய் குழறும் மனிதர் சொன்ன உண்மை வீட்டிலேயே விலைபோகவில்லை. வாய் நன்றாக இருக்கிற தான் அதை மூடிக்கொண்டு உட்கார்ந்து ஜெபிப்பது எந்தக் கடவுளுக்கு ஆகும்?

எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

“உள்ள வா, கிச்சன்ல பேசுவோம்” என்றாள் ஜீனத்.

“இல்லக்கா. பாய் இருக்கற எடத்துலதான் சொல்லணும்.” ஹாலுக்குப் போய் நின்றாள். “காலைல அந்த வீடியோவப் போட்டது நாந்தான். உங்க டிவியும் எங்க டிவியும் ஒரே பேர்ல இருக்கு. மாத்தி அமுக்கிட்டேன். பாய் மேல ஒரு தப்பும் இல்ல.”

கைப்பேசியைத் திறந்து காட்டினாள். ஜீனத் இரண்டு பெயரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ரிமோட்டை எடுத்து முந்தானையால் துடைத்து, கணவரின் இடது உள்ளங்கையில் வைத்தாள்.

“நான்தாங்க நம்பாமப் போயிட்டேன்.”

“சொ…ன்னேன்ல” என்றார் அவர். பாதி முகம் சிரித்தது. பெலிண்டாவைப் பார்த்து ஏதோ கேட்டார்.

“இப்ப இடுப்பு எப்படி இருக்குன்னு கேக்கறாரு” என்றாள் ஜீனத். மூவரும் சிரித்துவிட்டார்கள், பெலிண்டாவுக்குக் கண்ணில் தண்ணீரும் வந்தது.

“பாஸ்வேர்ட மாத்திடுங்கக்கா. உங்க டிவிய என் போன்லேருந்து எடுத்துடறேன்.”

கலீல் பாய் ரிமோட்டால் சுவரைக் காட்டினார். “வ…லிக்காது.”

ஜீனத்துக்கு அது விளங்கவில்லை. “டிவி உன் போன்லயே இருக்கட்டும். இவருக்குக் கை வராதப்ப ஆகும். பேர மட்டும் மாத்து தாயி!”

பெலிண்டா அங்கேயே நின்று ‘கலீல் பாய்’ என்று பெயரை மாற்றினாள்.

அடுத்த ஞாயிறு ஷெர்லின் சர்ச்சில் மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தாள். பெலிண்டா தனியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுவருக்கு அப்பால் சலாம் சொல்லும் குரல்கள், நாற்காலி இழுபடும் சத்தம். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். செய்தி மெல்லிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தச் சத்தம் ஏறத் தொடங்கியது. பதற்றத்தில் கலீல் பாயின் கட்டைவிரல் பொத்தான்மேலேயே நின்றுவிடும், அவளுக்குத் தெரியும். செய்தி வாசிப்பவரின் குரல் முழங்கியது. அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

பெலிண்டா கீரைக் கையோடு கைப்பேசியை எடுத்து, ‘கலீல் பாய்’ என்ற பெயரைத் தொட்டாள். சட்டென்று நிறுத்தவில்லை. சத்தத்தை ஒவ்வொரு புள்ளியாக, இடது கைக் கட்டைவிரல் தடுமாறித் தடுமாறிக் குறைத்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எடுத்துக் குறைத்தாள்.

“பரவால்லயே, பாய் நல்லாத் தேறிட்டாரு!” என்று யாரோ சொல்வது கேட்டது. டீ டம்ளர்கள் மறுபடி ஒலித்தன.

பெலிண்டா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீதிக் கீரையை முறத்தில் கொட்டிக்கொண்டாள்.