நவரட்ணராஜாவின் பகல் விளக்கு

1
இந்தக் கதை ஒரு சல்யூட்டில் பிறந்தது. கம்பளையிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடி ஆமிக்காரன் ஒருவன் யாழ்ப்பாணத்து எஞ்சினியரின் காருக்கு விறைத்து நின்று சல்யூட் அடித்தானாம். யுத்த காலத்திலா என்று நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2
'ஹந்தானை மலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல மறைந்து...' (அடித்துவிட்டேன். பகல் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.)

எஞ்சினியர் நவரட்ணராஜா வாங்கியது, அணை கட்ட வந்த சுவீடன்காரர்கள் விட்டுப்போன பழைய கார். அவர்கள் ஊரில் பகலிலும் விளக்கு எரிய வேண்டுமாம். எஞ்சின் ஓடினால் முன்விளக்குகள் தாமாகவே எரியும், அணைக்க வழியில்லை. எதிரே வந்த பஸ்காரர்களெல்லாம் கையை விரித்து மடக்கி, லைட் எரிகிறதென்று காட்டினார்கள். மனிதருக்கு மானம் போயிற்று. ஆனால் பட்டப்பகலில் லைட்டோடு போகிறவர்கள் மந்திரிமார்தானே? சாவடி ஆமிக்காரனும் அப்படித்தான் நினைத்தான்; தடை தானாக விலகியது, சல்யூட்டும் விழுந்தது.

அன்று வாய்விட்டுச் சிரித்தவர் மனைவி சரோஜினிதேவி. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி என்றிருந்ததற்காக, அதே சாவடியின் மரவாங்கில் ஒரு நாள் முழுக்க உட்கார வைக்கப்பட்டவர். அதன்பின் வீட்டுப்படி தாண்டாமல் இருந்தவர், இப்போது கத்தரிக்காய்கூடக் கண்டி மார்க்கெட்டில்தான் வாங்க வேண்டுமென்றார்.

3
சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. வண்டியைத் தன் பெயருக்கு மாற்றக் கொண்டுபோனபோது வாகனப் பரிசோதகர், இங்கே சூரியனே போதும், இந்த விளக்கை நிறுத்தினால்தான் சான்றிதழ் என்றுவிட்டார். (இவரை வில்லனாக்கப் பார்த்தேன். சட்டப்படி நடக்கிற மனுஷனை என்ன செய்ய?)

மெக்கானிக் கபிரியேல் வழி சொன்னான். "டாஷ்போர்டுக்குக் கீழ மறைவா ஒரு சுவிட்ச் வச்சிர்றேன் சார். பரிசோதனைக்கு அணைச்சுக்கங்க, சாவடிக்குப் போட்டுக்கங்க."

சான்றிதழ் கிடைத்தது. திரும்பும்போது சரோஜினிதேவி தன் கையாலேயே சுவிட்சைப் போட்டார். சாவடி கண்ணில் பட்ட பிறகுதான் நவரட்ணராஜாவுக்கு அது உறைத்தது. தமிழனுடைய கார், ஒளித்து வைத்த சுவிட்ச், புத்தம்புது வயர். வெடிகுண்டு என்று நினைக்க வேறென்ன வேண்டும்?

"நிப்பாட்டி அதைக் கழட்டுவமோ?" என்றார்.

"வேண்டாமப்பா. லைட் இல்லாமல் அந்த வாங்குக்கு முன்னால நான் போகமாட்டன்."

இன்று சாவடியில் நின்றவன் புதியவன். கையை உயர்த்தினான்.

4
முதல் முடிவு: உயர்ந்த கை சல்யூட்டாக மாறுகிறது. எழுதினேன், நானே நம்பவில்லை.

இரண்டாவது: அவன் குனிந்து, டாஷ்போர்டுக்குக் கீழே கையை... இல்லை. சரோஜினிதேவியை மறுபடியும் அந்த வாங்கில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அவன் கை உயர்ந்தபடியே நிற்கிறது. மிச்சம் உங்கள் பாடு. காரின் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. பாட்டரி பழசு, அதிக நேரம் யோசிக்காதீர்கள்.