மூன்றாம் வளைவில் மறித்த கார்

நாலே கால்!

பெரகல சந்தியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறிவந்த அரசாங்க பஸ் மூன்றாம் வளைவில் சடாரென்று நின்றது. எதிரே பளபளவென்று ஒரு மொரிஸ் மைனர். ஸ்டியரிங்கில் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கனகரத்தினம். காரில் வேறு யாருமில்லை.

1959ஆம் வருஷத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸுக்கு வெள்ளோட்டம். நாலரைக்குள் தேயிலை ஸ்டோர் வாசலைத் தொட்டால் தினமும் ஓடும். தொடாவிட்டால், 'பாதை உதவாது' என்று எழுதிவிட்டு, கூடவே வரும் பஸ் இன்ஸ்பெக்டர் தர்மராசா போய்விடுவார்.

முன் சீட்டில் இராக்கம்மா. அவள் தோளில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தான் புருஷன் அழகையா. காசநோய். வாரம் இரண்டு ஊசி, பதுளை ஆஸ்பத்திரியில். சந்திவரை ஆறு மைல் இறங்கி ஏற இனி அவன் நெஞ்சு தாங்காது.

"பஸ்ஸைப் பின்னுக்கு எடு! இது தோட்டத்து ரோட்டு!" கனகரத்தினம் கத்தினார்.

டிரைவர் மொஹிதீன் தலையை நீட்டினார். "பின்னால பள்ளமுங்க. ஒங்களுக்குப் பின்னாலதான் ஒதுங்க எடமிருக்கு. நீங்க எடுங்க."

"என்ர கார் பின்னுக்குப் போகாது!"

தர்மராசா பென்சிலை எடுத்தார். "சண்டை தீர்க்கிறது என்ர வேலை இல்லை. நேரம் போகுது."

இராக்கம்மா புருஷனை ஜன்னலோரம் சாய்த்துவிட்டுக் குடையோடு குதித்தாள். பின்னாலேயே நாற்பது பேர்.

ஹார்ன் அலறியது.

துரைமார் கார் ஊதினால் ரோட்டோர வடிகால் கானுக்குள் இறங்கி, குடையை மடக்கி நிற்பது தோட்டத்து வழக்கம். பழகிய கால்கள் யாரைக் கேட்கும்? மறுகணம் அத்தனை பேரும் கானுக்குள்! இராக்கம்மாவும்தான். கணுக்கால்வரை சேறு.

அவள் தன் காலைப் பார்த்தாள். வெட்கம் சுட்டது. விறுவிறுவென்று மேலேறி, குடையை விரித்துக்கொண்டு காருக்கு முன்னால் நின்றாள்.

"காருல நீங்க ஒருத்தரு. பஸ்ஸுல நாப்பது பேரு. யாருங்க பின்னால போவணும்?"

"வேலைப் புத்தகத்தில பேர் வெட்டிப்போடுவன்!"

"வெட்டுங்க. இராக்கம்மா, எட்டாம் நம்பர் லயம். எழுதிக்கங்க."

"ரெங்கம்மா, அதே லயம்!" இன்னொருத்தி மேலேறினாள்.

"மாரிசாமி, மேட்டு லயம். கொஞ்சம் பெரிய எழுத்தாப் போடுங்க சாமி!"

ஒவ்வொருவராகக் கானைவிட்டு ஏறினார்கள். கனகரத்தினம் பின்வாங்கப் பார்த்தார். கியரை இழுத்தார். கறகறவென்ற சத்தம். கார் ஒரு சாண் முன்னால் துள்ளியது!

மொஹிதீன் சிரித்துவிட்டார். "அடடே! ஐயாவுக்கு ரிவர்ஸே வராது! எதிர்ல வர்றவன்தானே எப்பவும் ஒதுங்குவான்னு, முன்னால ஓட்ட மட்டும் படிச்சிருக்காரு!"

நாலு இருபத்துநாலு.

"கியர எடுத்துட்டு ஸ்டியரிங்க மட்டும் பிடிங்கய்யா," என்றாள் இராக்கம்மா. "மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

எண்பது கைகள். காரின் மூக்கில் கொஞ்சம், ஒருவர் முதுகில் ஒருவராக மீதி. "ஏலே, தள்ளு! இன்னும் தள்ளு!" கிளாக்கர் உட்கார்ந்தபடியே பின்பக்கமாக மேடேறினார்.

நாலு இருபத்தொன்பதுக்கு ஸ்டோர் வாசலில் பஸ் உறுமி நின்றது. தர்மராசா எழுதி, கையெழுத்துப் போட்டார். "நாளையில இருந்து ஓடும்."

அடுத்த வளைவில் காரைப் போட்டுவிட்டு, மூச்சிரைக்க ஓடிவந்தார் கனகரத்தினம். "நாளைக்குக் காலமை வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு நீ வரப்படாது! உனக்கு வேலை இல்லை!"

இராக்கம்மா அழகையாவைக் கைத்தாங்கலாக இறக்கினாள். அவசரப்படவில்லை.

"வருவேங்க. நாப்பது பேரோட வருவேன். யார் பேர மொதல்ல வெட்டுறதுன்னு ராத்திரியே யோசிச்சு வையுங்க."