மூன்று விரல்

துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் நெளிகின்றன, பச்சைக் கரை வைத்த துண்டு, ஒரு கை என் அப்பாவுடையது, இன்னொன்று என்னைப் பெண் பார்க்க வந்திருக்கும் நாச்சிமுத்துவுடையது, இருவரும் மாட்டுத் தரகர்கள், சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடிப்பார்கள், எத்தனை விரலோ அத்தனை, சுற்றி நிற்கிற கூட்டத்துக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும், எனக்கு எல்லாம் தெரியும், அப்பாவின் மடியில் உட்கார்ந்து பால்பல் விழுவதற்குள் படித்துக்கொண்ட பாஷை அது, இன்றைக்கு அந்தத் துண்டுக்குள் விலை பேசப்படுகிற சரக்கு நான், காப்பித் தட்டோடு நிற்கிறேன், அப்பா ஐந்து விரலையும் கொடுத்துவிட்டார், ஐந்து பவுன், முடிந்தது என்று அவர் முகம் மலர்கிற நேரம் பார்த்து, அம்மிணி, அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வா பாக்கலாம் என்கிறார் நாச்சிமுத்து, நடக்கிறேன், ஆறு வயதில் கிணற்றுப் படியில் விழுந்து எழுந்த இடது கால், நடையில ஒரு சாய்வு இருக்குதுங்களே மாமா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்கிறார், பக்கத்தில் அவருடைய கூட்டாளி சென்னியப்பன் விழுந்து விழுந்து சிரிக்கிறான், துண்டு மறுபடி அசைகிறது, ஒன்று, இரண்டு, மூன்று விரல், என் சாய்வுக்கு மூன்று பவுன் கூடுதல், அப்பாவின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், தட்டில் காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது, நாற்பத்து நாலு வருஷமாக ஆறிக்கொண்டிருக்கிறது.

இன்று காலையும் பார்க்க வருகிறார்கள், இந்தத் தடவை சரக்கு அவர், என்னைக் கட்டிக்கொண்ட நாச்சிமுத்து, பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து இரண்டு வருஷமாகிறது, பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டவள் நான், தன் காரியத்தைத் தானே செய்துகொள்ள முடியாதவர் என்று ஆபீசிலிருந்து நேரில் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால் மாதாமாதம் பணம் வரும், தூக்கி உட்காரவைக்க ஓர் ஆளைப் போட்டுக்கொள்ளலாம், எனக்கு அறுபத்தைந்து, முட்டி இரண்டும் போய்விட்டது, போன மாதம் குளியலறையில் அவரைத் தூக்கப் போய் இருவரும் சேர்ந்து விழுந்து, பக்கத்து வீட்டார் வருகிறவரை ஈரத்தில் கிடந்தோம், அப்போதும் என் காதருகில் கோணிய வாயால், உன்ற சாய்வுதாம்புள்ள என்னையும் சாச்சிருச்சு என்றார், விற்கிற மாட்டை முதல் நாளே குளிப்பாட்டி, கொம்பு சீவி எண்ணெய் தடவி, பருத்திக்கொட்டை ஊட்டி வயிறு உப்பவைத்துக் கொண்டுபோகிற மனிதர், இன்று விடிந்ததும், ஏம்புள்ள, மீசைக்குக் கறுப்புப் போடு என்கிறார், சலவை வேட்டியை எடு என்கிறார், ஏனுங்க, இது விக்கற சந்தை இல்லீங்க, நோவைக் காட்டுனாத்தான் எழுதுவாங்க என்று நானும் சொன்னேன், பாக்க வர்றவங்ககிட்டக் குத்தத்தைக் காட்டறவன் தரகனா என்றார், போதாததற்குச் சென்னியப்பனையும் போன் போட்டு வரவழைத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார், தான் கட்டிலில் உட்கார்ந்து, விழாத கையால் விழுந்த கையை மடியில் எடுத்துவைத்து மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டார், கரை பச்சை.

ஆபீசிலிருந்து வந்தவள் சுகந்தி, சின்னப் பெண், கையில் பைல், நாலு பக்கத்துக்குக் கேள்வி, ஐயா, நீங்களே குளிச்சுக்குவீங்களா என்கிறாள், காவேரியில முங்கு நீச்சல் அடிச்ச ஒடம்பு கண்ணு இது என்கிறார், சாப்பாடு, அள்ளி உங்கறதுக்கு ஆளு வெப்பாங்களா, சட்டை போடறது, பாத்தாத் தெரியலியா, சென்னியப்பன் தொடையில் தட்டி, அப்புடிச் சொல்லு மச்சான் என்கிறான், அவள் பேனா ஒவ்வொரு கேள்விக்கும் நேராகத் தானே, தானே, தானே என்று எழுதிக்கொண்டு போகிறது, இன்னும் நாலு தானே விழுந்தால் சாகிறவரை நான்தான் தூக்க வேண்டும், கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், காப்பித் தட்டு என் கையில் எப்போது வந்தது, சுகந்திக்குக் கொண்டுவந்ததா, அன்றைக்குக் கொண்டுவந்ததா, அப்பா இருக்கிறாரா என்று நாற்காலியைப் பார்க்கிறேன், அப்பா செத்துப் பத்தொன்பது வருஷமாகிறது, கூடக் கேட்ட மூன்று பவுனுக்கு அவர் விற்ற கன்றுக்குட்டியின் பெயர் எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது, விற்கிறவன் மறைப்பான், வாங்குகிறவன்தான் குற்றத்தைச் சொல்வான், இந்த மனிதரை வாங்கியது நான், எட்டுப் பவுன் கொடுத்து, தட்டைக் கீழே வைக்கிறேன், என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது, மேடம், அவரை அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வரச் சொல்லுங்க பாக்கலாம்.

அவர் என்னைப் பார்த்தார், அவருக்கும் நினைவு வந்துவிட்டது, எழுந்தார், பாதி தூரம் வரைக்கும்தான் எழுந்தார், வலது கால் தரையிலேயே தங்கிவிட, சுவரைத் தேடிய இடது கை காற்றைப் பிடித்து, கட்டிலிலேயே சரிந்து விழுந்தார், நடையில ஒரு சாய்வு இருக்குதுங்களே மேடம் என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி, பழக்க தோஷத்தில் சென்னியப்பன் சிரித்துவிட்டான், சிரித்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டான், அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை, பொத்தான் நான் போட்டதுங்க, மீசைக் கறுப்பு நான் பூசுனது, தொட்டுப் பாருங்க, இன்னும் காயலை, சோத்தைப் பெசஞ்சு ஊட்டறேனுங்க, உண்டதை மறந்து அரை மணிக்கொருக்கா எங்கே சோறும்பாரு, துண்டை நீக்கிப் பாருங்க, அந்தக் கையில ஈ உக்காந்தாக்கூட ஓட்ட மாட்டாரு, சுகந்தி முதல் பக்கத்துக்குத் திரும்பிப்போய் ஒவ்வொரு தானேவையும் அடித்துக்கொண்டே வருகிறாள், நான் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து துண்டை இருவர் மடிக்கும் சேர்த்து நேராக்குகிறேன், கடைசியா ஒண்ணு கேக்கணும்மா, ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போறதெல்லாம் ஐயா சொல்லிடுவாரா, இல்ல தெரியாமப் போயிடுதா என்கிறாள்.

அப்போதுதான் துண்டுக்கு அடியில் அவருடைய இடது கை என் கையைத் தேடி வந்தது, சந்தையில் இடது கையை எவன் தொடுவான், ஆனாலும் வந்தது, என் சுண்டுவிரலைப் பிடித்தது, அடுத்ததைப் பிடித்தது, அதற்கடுத்ததையும் பிடித்து அங்கேயே நின்றது, மூன்று, நான் தப்பாகப் படிக்கவில்லை, அன்றைக்கு வாங்கின மூன்றைத் திருப்பித் தருகிறார், சென்னியப்பன் எதிரில் இதை மட்டும் சொல்லிவிடாதே என்கிறார், அவர் கண் சுகந்தியைப் பார்க்கிறது, மீசை விறைப்பாக நிற்கிறது, விரல் மட்டும் கெஞ்சுகிறது, அப்பாவின் விரலும் இப்படித்தான் கெஞ்சியிருக்கும், கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்க, போதும் மாப்ளே, விட்டுருங்க மாப்ளே என்று, இவர் விட்டாரா, சுகந்தியின் காதோடு சொல்லியிருக்கலாம்தான், அவள் பக்கத்தில்தான் இருந்தாள், தெரியறதில்லீங்க மேடம், கொழந்தைக்குக் கட்டற மாதிரி துணி கட்டி விடறேன், ஒரு நாளைக்கு நாலுவாட்டி மாத்தறேன் என்றேன், எதிர் நாற்காலி வரைக்கும் கேட்டது, சென்னியப்பன் இந்தத் தடவை சிரிக்கவில்லை, தன் வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டான், அவனுக்கும் எழுபத்திரண்டு.

முழு உதவி தேவைன்னு எழுதிட்டேம்மா, பணம் உங்க பேருக்குத்தான் வரும் என்று சுகந்தி பைலை மூடுகிறாள், காப்பியை எடுத்துக் குடிக்கிறாள், நல்ல சூடு என்கிறாள், சென்னியப்பன் எங்கள் மடியைப் பார்க்கிறான், பச்சைக் கரைத் துண்டு அசைவது மட்டும்தான் அவனுக்குத் தெரியும், கிழவன் கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொள்வான், அடியில் மூன்று நாலாகிறது, நாலு ஐந்தாகிறது, இனிமேல் எதை மறைக்க விலை ஏற்றுகிறார், எல்லாம் சொல்லியாகிவிட்டதே, ஆனாலும் ஐந்து விரலையும் பிடித்துக்கொண்டிருக்கிறார், முங்குகிறவன் பிடிப்பது போல, விலை பிடிக்காவிட்டால் கையை உதற வேண்டும், பிடித்தால் ஓர் அழுத்து அழுத்த வேண்டும், அதுதான் சந்தை வழக்கம், நான் உதறவும் இல்லை, அழுத்தவும் இல்லை, விரல்களை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் கொஞ்சம் ஏறட்டும்.